மானிறைச்சியும் முடிக்குரிய காடும்

அக்கரைப்பற்று நீதவான் நீதிமன்றத்து வழக்குகளில், காட்டு விலங்கின் இறைச்சியோடு பிடிபட்ட ஒருவரின் வழக்கு வந்து போவது நமக்குப் புதிய செய்தியன்று. ஒரு மோட்டார் சைக்கிள், உரச்சாக்கு ஒன்று, அதனுள் சில கிலோ மானிறைச்சி அல்லது மரையிறைச்சி. பத்திரிகைகளுக்கு நான்கு வரி. அந்த நான்கு வரியில் அகப்பட்டவரின் வயதும் ஊரும் இருக்கும். வாங்கவிருந்தவர் யார் என்பது மட்டும் இராது. இந்த நான்கு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. அதனை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

காட்டு இறைச்சியை விற்பது குற்றம் என்னும் எண்ணம் தமிழருக்கோ சோனகருக்கோ சிங்களவருக்கோ பரம்பரையாக வந்ததன்று. புறநானூற்றின் 33ஆம் பாட்டிலே வேட்டுவன் மான்தசை நிறைந்த வட்டியோடு வருகிறான். ஆய்மகள் தயிர் கொண்டு வருகிறாள். உழவர் மனையிலிருந்து இருவருக்கும் நெல் கிடைக்கிறது. மலையும் முல்லையும் மருதமும் ஒன்றையொன்று உண்டு வாழ்ந்த காலத்தின் காட்சி அது. இந்தப் பண்டமாற்றிலே யாருக்கு எவ்வளவு நியாயம் கிடைத்தது என்பது வேறு கேள்வி. ஆனால் வேட்டுவன் கள்வனாக அல்ல, விருந்தாளியாகவே வாசலுக்கு வந்தான்.

நமது தீவிலும் அதுவே நடந்தது. கண்டி மன்னனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றிச் சொல்லும் செய்தி நினைவிற்கொள்ளத் தக்கது. வேடனுக்கு அம்பு வேண்டுமானால் இரவிலே இறைச்சிச் சுமையைக் கொண்டுபோய்க் கொல்லன் பட்டறையில் தொங்க விடுவான். தனக்கு வேண்டிய அம்பின் வடிவிலே ஓர் இலையை வெட்டி அருகில் வைத்துச் செல்வான். கொல்லன் அவ்வடிவில் அம்பு செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரு சொல்லும் பேசுவதில்லை. மரப்பொந்திலே தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கெனச் சேமித்து வைக்கும் வழக்கத்தையும் அவர் குறித்திருக்கிறார். இறைச்சி அன்று உணவு, நாணயம், காப்பீடு ஆகிய மூன்றுமாயிருந்தது.

அக்கரைப்பற்றுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். மட்டக்களப்புத் தேசத்தின் பற்றுகளுள் ஒன்றான இவ்வூரும், சம்மாந்துறை, நிந்தவூர், கரைவாகுப் பகுதிகளும் கடலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நெல்வயற் கரையில் அமைந்தவை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் தந்து மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பதை வரலாறு கற்றோர் அறிவர். அன்று தொட்டு, அதற்கு முன்னரேயும், உப்பும் கருவாடும் துணியும் பொதிமாடுகளில் ஏற்றி, பட்டிப்பளை ஆற்றோரமாக மேற்கே விந்தனைக்கும் ஊவாவுக்கும் சென்றவர்கள் கிழக்குக் கரையின் சோனக வணிகர்கள். தவளம் என்பது அந்தப் பொதிமாட்டு வாணிகத்தின் பெயர். போகும்போது உப்பு, திரும்பும்போது தேன், மெழுகு, கொம்பு, தோல், உலர்த்திய மான் வற்றல். உப்பின்றி வேடனால் வாழ முடியாது. வற்றலும் தோலுமின்றித் தவள வணிகனுக்கு இலாபமில்லை.

இதற்குள்ளே சுரண்டலும் இருந்தது. ஒரு சிரட்டை உப்புக்கும் ஒரு முழத் துணிக்கும் எத்தனை தோல் என்பதைத் தீர்மானித்தவன் வேடனல்லன். நம்மவர் பெருமைகளை எழுதுகின்ற நூல்கள் இந்த இடத்தை விரைந்து கடந்து விடுகின்றன. நாமும் அவ்வாறு கடந்து சென்றால், பின்னால் வெள்ளையரைக் குறை கூறும் உரிமை நமக்கு இராது.

ஆயினும் காட்டை வெறுமையாக்கத் தொடங்கியவர் வேடரோ தவளக்காரரோ அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இலங்கையிலே துப்பாக்கி ஏந்திய துரைமாரின் பொற்காலம். பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தினார் என்பது அக்காலத்தவர் வைத்த கணக்கு. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் இடி விடவில்லை என்பது ஊர்க் கதை. கதை உண்மையோ அன்றோ, அதைச் சொல்லி ஆறுதல் அடைந்த குடியானவனின் மனத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். நுவரெலியாவிற் குடியேறி எட்டாண்டுகள் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், தாம் கொன்ற விலங்குகளைப் பற்றி 1850களில் எழுதிய நூல்கள் இலண்டனில் விரும்பி வாசிக்கப்பட்டன. ஊவாவிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் சரியும் புல்வெளிக் காடுகள் அவருக்குப் பிடித்த வேட்டைக்களம். அவர் கொன்ற மிருகங்களின் இறைச்சியிற் பெரும்பகுதி நரிக்கும் கழுகுக்குமே போயிற்று.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. யானையைக் கொன்றால் தலைக்குச் சில சிலிங் பரிசு கொடுத்தது. இந்தப் பரிசின் விளைவை அரசாங்கத்தின் செயலாளராய் இருந்த எமேர்சன் டெனன்ற் என்பவரே பதிவு செய்திருக்கிறார்: 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000. கோப்பியும் வயலும் காக்கவென்று சொல்லப்பட்ட இந்தப் படுகொலைக்குச் சட்டம் தடை விதிக்கவில்லை. சட்டமே கூலி கொடுத்தது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நமது வரலாற்று ஆசிரியர்கள் பெருந்தோட்டங்களின் தோற்றத்தோடு இணைத்தே கற்பிக்கின்றனர். அது சரியே. ஆனால் வேட்டையின் வரலாறும் அச்சட்டத்திலேயே தொடங்குகிறது. காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம் யாவும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது அது. வேடனிடம் உறுதிப் பத்திரம் ஏது? சேனைப்பயிர் செய்தவனிடம் வரைபடம் ஏது? மரம் முடியினுடையது ஆனபின், மரத்தடியிற் படுத்த மானும் முடியினுடையதாவதற்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை. 1872இல் எருமைகளையும் வேட்டை விலங்குகளையும் வீணே அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் வந்தது, 1885இல் வனக் கட்டளைச் சட்டம், 1891இல் யானையையும் சேர்த்து விரிவான வேட்டைச் சட்டம், 1909இல் மற்றொன்று. 1916இன் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருக்கும் உரிமையை அனுமதிப் பத்திரத்துக்குள் அடக்கியது.

1894இலே துரைமாரும் தோட்டக்காரரும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இன்று அது வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்து, பல நற்பணிகள் செய்திருக்கிறது. அதை மறுப்பது அறியாமை. ஆனால் தொடக்கத்தில் அவர்கள் காக்க விரும்பியது விலங்கையா, வேட்டையையா? யால காட்டிலே ஒரு பகுதியைச் சரணாலயமாக்கி, அதனை அடுத்த பகுதியை உள்நாட்டிலே வசிக்கும் கனவான் வேட்டைக்காரருக்கென ஒதுக்கியபோது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்து விட்டது. அனுமதிக் கட்டணம் செலுத்தி, கொம்புக்காகச் சுடுபவன் விளையாட்டு வீரன். அனுமதியின்றி, குடலுக்காகச் சுடுபவன் களவு வேட்டைக்காரன். மான் இரண்டு கையாலும் ஒரே விதமாகத்தான் சாகிறது.

இந்த வேறுபாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே 1723இல் நிறைவேறிய கறுப்புச் சட்டம் முகத்திற் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடச் சென்ற குடியானவனைத் தூக்கு மரத்துக்கு அனுப்பியது. ரைன்லாந்து மாகாண சபை காட்டில் விறகு பொறுக்குவதைத் திருட்டு என்று சட்டம் செய்ய முற்பட்டபோது, இளைஞரான மார்க்ஸ் 1842இல் 'ரைனிஷ் சைற்றுங்' பத்திரிகையில் அதனைக் கண்டித்து எழுதினார். பொருளாதாரக் கேள்விகளுக்குத் தம்மைத் திருப்பியவற்றுள் அந்த விறகு வழக்கும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். 1900இல் ஐரோப்பிய வல்லரசுகள் இலண்டனிற் கூடி ஆபிரிக்க விலங்குகளைக் காப்பதென்று உடன்படிக்கை எழுதின. அதற்கு முந்திய இருபதாண்டுகளில் அதே வல்லரசுகள் ஆபிரிக்கரின் நிலத்தைப் பங்குபோட்டு முடித்திருந்தன. அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை என்பது தனிக் கதை.

இடையில் ஒரு வேடிக்கையான செய்தி. யால காட்டின் முதல் காவலதிகாரி எங்கல்பிறெக்ற் என்னும் போயர். தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்டுக் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் தாய்நாடு திரும்ப முடியாது போனவர். முடியை ஏற்காத அந்த மனிதரே முடிக்குரிய காட்டுக்குக் காவலரானார்! அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப் அவரை அறிந்திருந்தார். அதே வுல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவலில், காட்டோரக் கிராமத்து வேட்டைக்காரன் ஒருவன் தலைமைக்காரனாலும் கடன்காரனாலும் சேனை அனுமதியாலும் நெரிக்கப்பட்டு இறுதியிற் கொலைகாரனாகும் கதையைச் சொன்னார். ஏகாதிபத்தியத்தின் கச்சேரிக் கதிரையில் அமர்ந்தவர் ஒருவருக்கு அது புலப்பட்டது என்றால், அது எவ்வளவு அப்பட்டமாக நடந்திருக்க வேண்டும்!

இனி நமது கரைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மான் தோலுக்கும் கொம்புக்கும் வெளிநாட்டுச் சந்தை பெருகியபோது, பழைய தவள வாணிகம் உருமாறியது. தோல் வாங்கும் வணிகன் துவக்கு மருந்தும் ஈயமும் கடனாகக் கொடுத்தான். காட்டோரக் கிராமத்தவன் கடனைத் தோலாகத் தீர்த்தான். முன்பு உணவுக்காக ஒரு மானைக் கொன்றவன் இப்போது தோலுக்காகப் பல மான்களைக் கொன்று, இறைச்சியை அங்கேயே விட்டுச் சென்றான். வேட்டைச் சங்கத்தார் சோனக வணிகனைக் குற்றம் சாட்டினர். அதிலே உண்மை இருந்தது. அவர்கள் சொல்லாது விட்ட மற்றப் பாதியையும் நாம் சொல்ல வேண்டும்: தோலைக் கப்பலேற்றியது யார் துறைமுகத்திலிருந்து? அதை வாங்கியது எந்த நாட்டுத் தோற் சந்தை? ஏற்றுமதியால் பெருகிய சுங்கம் யார் பெட்டிக்குப் போயிற்று? சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து ஆட்டி, முதற் கண்ணியை மறைத்து வைப்பது அன்றைய வழக்கம். பத்திரிகையின் நான்கு வரியைப் பார்த்தால் இன்றைய வழக்கமும் அதுவே.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. அந்தச் சட்டமே, 1993இலும் 2009இலும் வந்த பெரிய திருத்தங்களோடு, இன்றும் வழக்குத் தொடரப் பயன்படுகிறது. மான், மரை, உடும்பு, எறும்புண்ணி முதலியவற்றைக் கொல்வதும் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் இதன்கீழ்க் குற்றம். அது தேவையான சட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது யார் தோளில் இறங்கியது என்பதைக் காணச் சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தைப் பார்க்க வேண்டும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்கக் கம்பனி ஒன்றின் இயந்திரங்கள் அணை கட்டின. சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. நமது கரையின் போடிமாரும் குத்தகைக்காரரும் பழைய குளத்து நீரை நம்பியிருந்த இடத்தில் புதிய வாய்க்கால் வந்தது. மேற்கே காடு வெட்டிக் குடியேற்றக் கிராமங்கள் நிறுவப்பட்டன. நிலப் பங்கீட்டினால் மூண்ட கசப்பையும் 1956 யூனில் ஓடிய இரத்தத்தையும் இங்கு விரித்தெழுத இடமில்லை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நாம் இங்கு கவனிக்க வேண்டியது காட்டின் கணக்கு. பள்ளத்தாக்கின் தாழ்ந்த காடு நீருக்குள்ளும் வயலுக்குள்ளும் போய்விட்டது. நீர்ப்பிடிப்பைக் காக்க 1954இல் கல்லோயா தேசிய வனம் பிரகடனமாயிற்று. மானும் யானையும் மிஞ்சிய காட்டுக்குள் நெருக்குண்டன. வேடனுக்கோ அந்த மிஞ்சிய காடும் மூடப்பட்டது. நில்கல, கெனபெத்த, தனிகல என்று செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் இடம்பெறும் வேடர் வாழிடங்கள் இந்த மேற்பள்ளத்தாக்கைச் சேர்ந்தவையே.

அணை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்த நீரில் விளைந்த நெல்லைத்தான் நாமும் உண்டோம். ஆனால் அணையின் விலையைச் செலுத்தியவர் பட்டியலில் வேடன் பெயரை எந்தத் திறப்புவிழாவும் வாசிக்கவில்லை. இதே நாடகம் 1983இல் மதுறு ஓயாவில் மீண்டும் நடந்தது. தேசிய வனம் பிரகடனமானதும் தம்பானை வேடர் காட்டைவிட்டு வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். மூத்த தலைவர் திசஹாமி மறுத்துத் தம் இடத்திலேயே இருந்து 1998இல் மறைந்தார். வேட்டையால் பெயர் பெற்ற மக்கள், வேட்டையாடினால் குற்றவாளிகள். இன்று சுற்றுலாப் பயணிகள் வில்லோடு நிற்கும் அவர்களைப் படம் பிடித்துச் செல்கின்றனர். அந்த வில்லால் அவர்கள் ஒரு முயலையும் எய்யக் கூடாது.

பிறகு போர் வந்தது. அக்கரைப்பற்றுக்குத் தெற்கும் மேற்கும் உள்ள காடுகள், குறிப்பாகக் கஞ்சிகுடிச்சாற்றுப் பகுதி, 2007 வரை ஆயுதம் தரித்தோரின் கையில் இருந்தன. வயற்காரரிடமிருந்த உரிமத் துவக்குகளை அரசு திரும்பப் பெற்றது. பல முஸ்லிம் விவசாயிகள் தம் மேட்டு வயல்களுக்குப் போக முடியாமற் பல்லாண்டுகள் தவித்தனர். மனிதன் போகாத இடத்தில் பற்றை வளர்ந்தது. பற்றைக்குள் மானும் பன்றியும் யானையும் வந்தன. போர் முடிந்து திரும்பிய விவசாயி தன் வயலைக் காடாகவும், அக்காட்டை அரசிதழில் வனமாகவும் கண்டான். வட்டமடுவிலே பயிர் செய்வோனும் மாடு மேய்ப்போனும் வனத் திணைக்களமும் முக்கோணமாக மோதிக்கொண்டது இந்தப் பின்னணியில்தான்.

போருக்குப் பின் பாதை திறந்தது. பாதையோடு பணமும் குளிர்சாதனப் பெட்டியும் வந்தன. இப்போதைய காட்டு இறைச்சி வாணிகம் பழைய தவளமன்று. துவக்கு கிடைக்காத இடத்தில் மோட்டார் சைக்கிளின் பிறேக் கம்பி கண்ணியாகிறது. குழாயிற் செய்த கட்டுத்துவக்கு பாதையோரம் காத்துக் கிடக்கிறது. பூசணிக்காய்க்குள் வைத்த வாய்வெடி பன்றிக்கென்று போடப்படுகிறது. வாய்வெடிக்குப் பன்றியும் யானைக்கன்றும் ஒன்றே. தாடை சிதறிய யானை உண்ண முடியாமல் வாரக் கணக்கில் அலைந்து சாகிறது. 2023இல் மட்டும் இந்நாட்டில் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றுட் கணிசமானவை வாய்வெடிக்குப் பலி. அக்கரைப்பற்றை அடுத்த பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டாண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் செத்தன என்ற செய்தி 2022இல் உலகப் பத்திரிகைகளில் வந்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. அங்கே குவிந்தது நமது ஊர்களின் குப்பை.

இந்த இறைச்சியை வாங்கி உண்பவர் யார்? பசித்தவர் அல்லர். பசித்தவனுக்குக் கருவாடும் சாளை மீனும் மலிவு. மான் வற்றல் விருந்துக்குப் போகிறது. கொழும்பிலிருந்து வரும் பிரமுகருக்குப் பரிமாறப்படுகிறது. சட்டத்தைக் காக்க வேண்டியவர் மேசைக்கும் போவதில்லையென்று சத்தியம் செய்ய யாரும் முன்வரமாட்டார். பிரான்சிலும் இதே கதைதான். 2008 யூனில் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்த 134 பயணிகளின் பொதிகளை ஆய்வாளர் சோதித்தனர். ஒன்பது பேரிடம் மட்டும் 188 கிலோ காட்டு இறைச்சி அகப்பட்டது. அதைக்கொண்டு, அந்த விமான நிலையத்தின் வழியாக வாரத்துக்கு ஏறத்தாழ 5 தொன் வருகிறதென 2010இல் மதிப்பிட்டனர். கொங்கோக் கிராமத்தானின் அன்றாட உணவு பாரிசிலே ஆடம்பரப் பண்டம். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தை அடக்க 1973இல் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை 1979இல் அதிற் சேர்ந்தது. கொல்பவன் காட்டோரத்தில், கொள்பவன் நகரத்தில் என்ற பிரிவை எந்த உடன்படிக்கையும் இன்னும் மாற்றவில்லை.

முஸ்லிம் வாசகருக்கு இங்கே ஒரு செய்தியைத் தனியே சொல்ல விரும்புகிறோம். மான் ஹலால் என்று சொல்லி வாயடைப்பவர் நம்மிடையே உண்டு. மான் ஹலால்தான். ஆனால் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்து மூன்றாம் வசனம் தாமாகச் செத்தவற்றோடு கழுத்து நெரிபட்டுச் செத்தவற்றையும் விலக்கியிருக்கிறது. இரவிலே பிறேக் கம்பியில் மாட்டி, விடியுமுன் துடித்துச் செத்துப்போன மானுக்கு யார் தக்பீர் சொல்லி அறுத்தார்? சாக்கோடு வருபவன் "உயிரோடு இருந்தது, அறுத்தோம்" என்கிறான். வாங்குபவர் நம்ப விரும்புகிறார், ஆகையால் நம்புகிறார். பணம் கொடுத்து நம்பிக்கையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற இந்த வியாபாரத்தைப் பற்றி நமது மேடைகளில் யாரும் பேசக் காணோம்.

சாக்கைச் சுமப்பவனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவன் பெரும்பாலும் நிலமற்ற வயற்கூலி. அல்லது முல்லைக்காரனின் கீழ் பரணிற் காவலிருப்பவன். மாரி முடிந்து கதிர் முற்றும் காலத்தில், போடியாரின் வயலைக் காக்க இரவெல்லாம் பரண் மேல் தீ மூட்டிச் சத்தமிடுகிறான். யானை பரணைச் சாய்த்தால் சாவது அவன். பன்றி வயலை உழுதால் கூலி வெட்டுண்பதும் அவனுக்கே. காட்டின் தடம் அறிந்தவன் ஆகையால் நகரத்து வியாபாரி அவனைத் தேடி வருகிறான். கண்ணிக் கம்பியும் முற்பணமும் தருகிறான். அன்று துவக்கு மருந்தைக் கடன் கொடுத்த தோல் வணிகனுக்கும் இவனுக்கும் உடை மட்டுமே வேறு. பிடிபட்டால் தண்டப்பணம் காவற்காரன் தலையில். செலுத்த வழியின்றேல் மறியல். வியாபாரி அன்று மாலையே வேறு காவற்காரனைத் தேடிப் போய்விடுவான்.

இந்தப் போகத்திலும் கதிர் முற்றும் நாட்களில் மேற்கு வட்டைகளின் பரண்களில் தீ எரியும். நள்ளிரவு கழிந்தபின் வயல்வரம்புப் பாதையிலே விளக்கணைத்த வாகனமொன்று வந்து நிற்கும். முன்னொரு காலம் இலையை அம்பு வடிவில் வெட்டி வைத்துச் சென்றவனைப் போலவே, வருபவனும் முகம் காட்டுவதில்லை. சாக்கு ஏறும், வாகனம் ஊரை நோக்கித் திரும்பும். பரணில் இருப்பவன் மறுபடியும் யானைக்காகச் சத்தமிடத் தொடங்குவான்.